'சாலிட்டரி மேன்': டெஸ்ட் எடுக்காத கார் வியாபாரியும் எங்கள் பெரியப்பாவும்

வேலந்தாவளம்காரன் | வெள்ளி, இரவு 11.20

படம் பார்க்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம், கதை முழுக்க வரும்.

2009இல் டொராண்டோ விழாவில் காட்டி, மறு வருஷம் மே மாதம் அமெரிக்காவில் வெளியான படம். மைக்கேல் டக்ளஸ், பென் கால்மென் என்ற கார் வியாபாரியாக வருகிறார். நியூயார்க் பக்கம் வரிசையாக ஷோரூம்கள். 'நேர்மையான கார் வியாபாரி' என்று விளம்பரத்தில் பெயர் எடுத்தவர். படித்த கல்லூரியின் நூலகத்துக்கே அவர் பெயர். முதல் காட்சியில் வருஷாந்திரப் பரிசோதனைக்குப் போகிறார். டாக்டர் ஈசிஜியைப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஏதோ சரியில்லை, ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்கிறார். அவ்வளவுதான். அடுத்த காட்சி ஆறரை வருஷம் கழித்து. ஷோரூம்கள் போயாச்சு. மோசடிக் கேஸில் ஜெயிலுக்குப் போகாமல் தப்பியதே பெரிய விஷயம். மனைவி பிரிந்துவிட்டார். வாடகைக்கு மகளிடம் கை நீட்டுகிறார். நடையில் மட்டும் ஒரு குறையும் இல்லை, கறுப்பு உடுப்பில் ராஜா மாதிரி நடக்கிறார்.

எல்லாரும் இதை ஒரு ஸ்திரீலோலன் கதை என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு டெஸ்ட் எடுக்காத மனுஷன் கதை. அந்த ஸ்கேனுக்கு அவர் போகவே இல்லை. கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்து பழைய மனைவியிடம் அதை ஒத்துக்கொள்கிற வரைக்கும் நமக்கு அவர் செய்வதெல்லாம் கொழுப்பு என்றுதான் தெரியும், பயம் என்று தெரியாது.

இதை எழுதக் காரணம் என் பெரியப்பா. பாலக்காடு பக்கம் சித்தூர் தாலுகாவில் அரிசி மில் வைத்திருந்தார். புழுங்கல், மட்டை (கேரளத்துச் சிவப்பரிசி) இரண்டும். தினமும் விளக்கு வைத்த பிறகு கணக்குப்பிள்ளை வந்து திண்ணையில் நின்று 'இருப்பு' சொல்லுவார். நெல் இத்தனை மூட்டை, அரிசி இத்தனை, கையில் இவ்வளவு, வர வேண்டியது இவ்வளவு, கொடுக்க வேண்டியது இவ்வளவு. நான் சின்னப் பையனாக அதை மனப்பாடமாகச் சொல்லித் திரிவேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு நாள் தவறாத விஷயம். ஒரு நாள் பெரியப்பா, "இன்னைக்கு வேண்டாம் பிள்ளை, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். அதற்கப்புறம் அவர் இருப்பு கேட்கவே இல்லை. கணக்குப்பிள்ளை மூன்று நாள் வந்து நின்றுவிட்டு நாலாவது நாள் நேராக வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் முண்டகன் (இரண்டாம் போக) அறுப்பில் விவசாயிகளிடம் கடன் சொல்லி எடுத்த நெல்லுக்கே பணம் தரவில்லை. ஆனால் வேலக்கு, அதுதான் கோயில் திருவிழாவுக்கு, எங்கள் தட்டகத்துக்காக (கோயிலைச் சேர்ந்த எங்கள் ஊர்ப்பகுதி) ஏக்கம், அதாவது ஆனை வாடகை, பேசி ஆனை கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்றல்ல, மூன்று.

கடைசி_பெஞ்ச் | வெள்ளி, இரவு 11.48

மூன்று ஆனையா!! உங்கள் பெரியப்பாவை வைத்தே படம் எடுக்கலாமே. இந்தப் படத்தைவிட நன்றாக இருக்கும்.

எனக்கு இந்தப் படம் பாதி பிடித்தது, பாதி ஏமாற்று. டக்ளஸ் பிரமாதம், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் ஓர் ஆளின் வீழ்ச்சியைக் காட்டிவிட்டு, முடிவை நம் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். பழைய மனைவி காரில் காத்திருக்கிறார். இன்னொரு பக்கம் ஓர் இளம்பெண் நடந்து போகிறாள். பென் எழுந்து நிற்கிறார். இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார், திரை இருட்டு. என்னங்க இது? டிக்கெட் காசு கொடுத்தவன் முடிவையும் அவனே போட்டுக்கொள்ள வேண்டுமா?

வேலந்தாவளம்காரன் | வெள்ளி, இரவு 11.55

டிக்கெட் காசா? எங்கே பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும் :)

ஷோரூம்_பழைய_ஆள் | சனி, காலை 6.30

காலை வணக்கம். 22 வருஷம் கார் ஷோரூமில் இருந்தவன், முதலில் பாலக்காடு, அப்புறம் கோயமுத்தூர். இந்தப் படத்தில் மோசடி எப்படி நடந்தது என்று விவரமாகக் காட்டவில்லை, பேச்சில்தான் வந்து போகிறது. ஆனாலும் எங்கள் தொழில்காரனுக்கு மூக்கில் வாசம் வந்துவிடும்.

ஷோரூமில் நிற்கிற கார் எதுவும் முதலாளியுடையது இல்லை. பேங்க் அல்லது ஃபைனான்ஸ் கம்பெனி பணம். ஸ்டாக் எடுக்க அவர்கள் கடன் தருவார்கள், வண்டி வித்ததும் அந்த வண்டிக்கான பணத்தை உடனே திருப்பிக் கட்டவேண்டும். கட்டினால் அடுத்த லோடு. தினமும் காலையில் எத்தனை வண்டி நிற்கிறது, எத்தனை போயிருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதே முதல் வேலை. அவ்வப்போது ஃபைனான்ஸ்காரன் ஆளனுப்பி சேஸிஸ் நம்பரை ஒவ்வொன்றாகப் பார்ப்பான்.

முதலாளிகள் விழுவது எங்கே தெரியுமா? வித்த வண்டியின் பணம் கையில் நாலு நாள் நிற்கும் பாருங்கள், அந்த நாலு நாளில்தான். ஒரு வண்டிப் பணத்தில் பழைய பாக்கி அடைப்பார். அடுத்த வண்டி வித்ததும் இதைக் கட்டிவிடலாம் என்பார். அடுத்த வண்டி வித்ததும் அந்தப் பணம் இன்னோர் இடத்துக்குப் போகும். சேஸிஸ் நம்பர் பார்க்க வருகிற அன்றைக்கு, "அந்த வண்டி டெமோவுக்குப் போயிருக்கு", "அது சப் டீலர்கிட்ட நிக்குது" என்று கதை சொல்வோம். 'சொல்வோம்' என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். நானும் சொல்லியிருக்கிறேன். எந்த ஷோரூம் என்று கேட்காதீர்கள்.

என் பழைய முதலாளி கெட்ட மனுஷன் இல்லை. பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவும் இல்லை. எத்தனை வண்டிப் பணம் துண்டு விழுந்திருக்கிறது என்று ஒரே ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்திருந்தால் மூன்று வண்டியோடு நின்றிருக்கும். கூட்டிப் பார்க்க மாட்டேன் என்றார். பதினேழாக வளர்ந்தது.

நம்ம வேலந்தாவளம் தம்பி சொன்ன 'இருப்பு' விஷயத்தைப் படித்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது.

சித்தூர்_மகள் | சனி, காலை 9.10

எல்லாரும் பென்னைப் பற்றியே பேசுகிறீர்கள். மகள் சூசனைப் பற்றி ஒரு வரியாவது எழுதலாம்.

வெளியே போகிற இடத்தில் மகளிடம், 'அப்பா' என்று கூப்பிடாதே என்கிறார் அந்த மனுஷன். பேரனிடம் 'தாத்தா' வேண்டாம் என்கிறார். பக்கத்தில் நிற்கிற பெண்களுக்கு வயது தெரிந்துவிடுமாம். அந்த இடத்தில் சிலர் சிரித்திருப்பார்கள், எனக்கு எரிந்தது. வாடகைக்குப் பணம் வேண்டும்போது மட்டும் அவள் மகள்.

என் அப்பாவுக்கும் வியாபாரம்தான். என்ன வியாபாரம் என்று சொன்னால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். நன்றாக இருந்தபோது என்னிடம் ஒரு கணக்கும் சொன்னதில்லை, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்பார். விழ ஆரம்பித்தபோது என்னிடம்தான் வந்தார். அண்ணனிடம் போகவில்லை. அண்ணன் கணக்குக் கேட்பான், நான் கேட்கமாட்டேன். "மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் கண்ணு." முதல் தடவை இரண்டு வளையல். இரண்டாம் தடவை ஆரம். அடகுச் சீட்டு இன்னும் என் பீரோவில், சேலைக்கு அடியில் இருக்கிறது. நகை ஏலத்துக்குப் போய் வருஷமாச்சு.

பயம் பயம் என்கிறீர்கள். சரி, பயமாகவே இருக்கட்டும். பயந்தவர் வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதிருந்தால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பேன். காதலி நம்பி ஒப்படைத்த பதினெட்டு வயதுப் பெண்ணைக் கல்லூரி பார்க்கக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் அவர் செய்ததற்குப் பெயர் பயமா? அந்தக் காதலி ஜோர்டனுடைய அப்பாவின் செல்வாக்கை வைத்துத்தான் புது ஷோரூமுக்கே வழி பிறந்தது. அவள் மகளிடமே போய்க் கை வைத்தார். டெஸ்ட் எடுக்காததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வேலந்தாவளம்காரன் | சனி, காலை 10.02

அக்கா, நியாயப்படுத்தவில்லை. காரணம் வேறு, நியாயம் வேறு என்றுதான் நினைக்கிறேன். அந்த ஷோரூம் கிடைத்திருந்தால் அவர் மறுபடி எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்லவேண்டிய ஆளாகியிருப்பார். கிடைக்கப்போகிற நேரம் பார்த்து அவரே அதை உடைக்கிறார். தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் சூசனைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதாதது தப்புதான். என் பெரியப்பா மகளும் அக்காதான் எனக்கு. அவளிடமும் ஒரு பீரோ இருக்கும்.

வாளையார்_க்யூ | சனி, மதியம் 1.35

நான் வேறு கட்சி. 'வீழ்ச்சி' என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடக் கூடாது. நொடிச்சுப் போனவன் ஒருத்தன், கெடுத்துக்கிட்டவன் ஒருத்தன். ஊர் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் பேசும். தமிழ்நாட்டுப் பக்கம் ஐ.பி. கொடுத்துட்டான் என்பார்கள், கேரளாப் பக்கம் பாப்பராயிட்டான் என்பார்கள், இரண்டும் திவாலானதுதான்.

என் முதலாளி தமிழ்நாடு-கேரள எல்லையில், வாளையாரில் ஏஜென்ட் ஆபீஸ் வைத்திருந்தார். 2017க்கு முன்னால் அந்த செக்போஸ்ட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், லாரி வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. வரி பேப்பர் பார்ப்பது, டிக்ளரேஷன் எழுதுவது, டிரைவருக்கு முன்பணம் கொடுப்பது, கம்பெனிக்கு போன் போட்டுச் சொல்வது எல்லாம் நாங்கள்தான். அந்த வரிசையை நம்பி டீக்கடை, மெஸ், பஞ்சர் கடை, ஜெராக்ஸ் கடை என்று ஒரு ஊரே இருந்தது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது. வணிகவரி செக்போஸ்ட் போச்சு. லாரி நிற்காமல் போனது. நாங்கள் ரோட்டோரம் நின்று பார்த்தோம்.

முதலாளிக்கு அப்போது 61 வயது. குடி இல்லை, வேறு பழக்கம் இல்லை, ஒருத்தர் பணம் ஒரு ரூபாய் தின்றவர் இல்லை. அவர் செய்த ஒரே தப்பு, ஒரு வருஷம் தினமும் காலை ஏழு மணிக்கு ஆபீசைத் திறந்து, ஊதுபத்தி ஏற்றி, நாற்காலியில் உட்கார்ந்ததுதான். ஒரு லாரியும் வராது என்று அவருக்குத் தெரியும். எங்கள் மூன்று பேருக்கும் அந்த வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுத்தார், வீட்டை விற்று.

அவரை இந்தக் கார்க்காரனோடு சேர்த்து வைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஷோரூம்_பழைய_ஆள் | சனி, மதியம் 2.15

யாரும் சேர்க்கவில்லை அண்ணா. ஆனால் வீட்டை விற்றுச் சம்பளம் கொடுத்ததில் ஒரு துளி அந்தக் கணக்குப் பார்க்காத குணம் இல்லையா? லாரி வராது என்பதை ஒத்துக்கொண்டு முதல் மாசமே பூட்டியிருந்தால் வீடு மிஞ்சியிருக்கும்.

வாளையார்_க்யூ | சனி, மதியம் 2.40

மிஞ்சியிருக்கும். நான் அந்த வருஷம் என்ன தின்றிருப்பேன்?

கடைசி_பெஞ்ச் | சனி, மாலை 4.00

யாரும் டேனி டெவிட்டோ பற்றிப் பேசவில்லையே. படத்திலேயே உருப்படியான ஆள் அவர்தான். கல்லூரி ஊரில் சின்ன சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜிம்மி. பென் படித்த காலத்திலிருந்து அதே கடை, அதே மனைவி, அதே கல்லா. முப்பது வருஷம் கழித்து வந்து நிற்கிறவனை ஒரு கேள்வி கேட்காமல் உட்காரவைத்துச் சோறு போடுகிறார். பென்னுக்கு எல்லாக் கதவும் மூடிய பிறகு வேலையும் அங்கேதான். ஒரு காலத்தில் நூலகத்துக்கு நன்கொடை கொடுத்தவர், அதே கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு போகிறார்.

டக்ளஸும் டெவிட்டோவும் நிஜத்திலும் அறுபதுகளிலிருந்து சிநேகிதர்கள். எண்பதுகளில் மூன்று படம் சேர்ந்து நடித்தார்கள். அந்தப் பழக்கம் திரையில் தெரிகிறது, நடிப்பு மாதிரியே இல்லை.

ஆனால் இதிலும் ஒரு கேள்வி. ஜிம்மி சந்தோஷமாக இருக்கிறார் என்று இயக்குநர்கள் நம்மை நம்பச் சொல்கிறார்கள். ஒரே கல்லாவில் ஆயுசு முழுக்க உட்கார்ந்தவனெல்லாம் ஞானியா? எங்கள் தெருவில் டீக்கடைக்காரர் ஒருவர் நாற்பது வருஷமாக அதே கல்லாவில் உட்கார்ந்து எல்லாரையும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

நைட்_டூட்டி | சனி, இரவு 9.25

கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருதயப் பிரிவில்தான் ஒன்பது வருஷமாக. மெடிக்கல் விஷயம் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஈசிஜியில் வித்தியாசம் என்றால் உடனே சாவு என்று அர்த்தம் இல்லை. ஒன்றும் இல்லாதவருக்கும் கோடு கோணலாக வரும். அடைப்பு இருக்கிறவருக்குப் படுத்திருக்கும்போது எடுத்தால் சுத்தமாகவும் வரும். அதனால்தான் எக்கோ, டிரெட்மில், ஸ்கேன், ஆஞ்சியோ என்று அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வது. அந்த டாக்டர் சொன்னதும் அதுதான், இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று. பென் காதில் விழுந்தது வேறு.

இந்தக் கிராமத்துப் பெரியவர்கள், அதிலும் சொந்தத் தொழில் பார்த்தவர்கள், அதிகம் இதைச் செய்வார்கள். வாளையார், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் பக்கமிருந்து நிறையப் பேர் வருவார்கள். மகன் கட்டாயப்படுத்திக் கூட்டிக்கொண்டு வந்திருப்பான். ஈசிஜி முடிந்ததும், "நாளைக்கு வேலயிருக்கு, அடுத்த வாரம் வர்றேன் சிஸ்டர்" என்று சட்டையைப் போடுவார்கள். அடுத்த வாரம் வரமாட்டார்கள். கூலி வேலைக்காரர் அப்படி இல்லை, செலவு எவ்வளவு என்று முதலில் கேட்பார், அப்புறம் எடுத்துக்கொள்வார். காசு இருக்கிறவர்தான் ஓடுவார். ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

படத்தில் எனக்குப் பெரிய வேடிக்கை இதுதான். டெஸ்ட் எடுக்காமலே ஆறரை வருஷம் அந்த ஆள் நடமாடுகிறார். ஒன்றும் பெரிதாக இல்லாமலும் இருந்திருக்கலாம்! ஒரு மணி நேர வேலை. அதற்குப் பயந்து ஷோரூம், பெண்டாட்டி, மகள், பேரன் எல்லாம் போச்சு.

ஒன்று சொல்ல மறந்தேன். படம் வந்து மூன்றே மாதத்தில், 2010 ஆகஸ்டில், டக்ளஸுக்கே புற்றுநோய் என்று செய்தி வந்தது. அவர் சிகிச்சை எடுத்தார், குணமாகி அதற்கப்புறமும் நடித்தார்.

சித்தூர்_மகள் | சனி, இரவு 10.05

நைட் டூட்டி, நீங்கள் கேட்டதற்கு என் பதில்: கூலிக்காரர் விழுந்தால் குடும்பம் தாங்கும் என்று அவருக்குத் தெரியும், ஏற்கெனவே தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முதலாளி விழுந்தால் அவரை யார் என்று கூப்பிடுவது என்றே யாருக்கும் தெரியாது. என் அப்பாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'முதலாளி' என்றுதான். கடை போன பிறகும் டீக்கடையில், "முதலாளிக்கு ஒரு ஸ்ட்ராங்" என்பார்கள். அதைக் கேட்டால் அப்பா முகத்தைப் பார்க்க முடியாது.

கடைசி_பெஞ்ச் | சனி, இரவு 10.30

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பது இதுதானோ.

வேலந்தாவளம்காரன் | சனி, இரவு 10.50

அந்தப் பழமொழி பாதி கெடுதல் செய்திருக்கிறது. பெரியப்பா அடிக்கடி சொல்வார். படுத்த யானைக்கும் தீனி யானைத் தீனிதான் என்று யாரும் சொல்வதில்லை.

பென்னும் அப்படித்தானே. கடன் வாங்கிக்கொண்டே, அந்தக் கல்லூரியில் பழக்கமான மாணவன் டேனியலுக்கு வாழ்க்கை எப்படி, பெண்களிடம் எப்படிப் பேசவேண்டும் என்று பாடம் நடத்துகிறார். பையன் வாயைப் பிளந்து கேட்கிறான். ரொம்ப நாளைக்கப்புறம் ஒருவன் தன்னை முதலாளியாகப் பார்க்கிறான், அந்த ருசி. அவனுடைய காதலியிடமே போய் வம்பு செய்துவிட்டு அதையும் கெடுத்துக்கொள்கிறார். அந்தப் பையன் கடைசியில் மன்னிக்கிறான் பாருங்கள், அது எனக்கு, பென் அடி வாங்கிய காட்சியைவிட வலித்தது.

ஆனைப்பிரியன் | சனி, இரவு 11.15

அண்ணா, அந்த மூன்று ஆனையும் எந்த வேலக்கு, எந்த வருஷம்? பேர் தெரியுமா? நெம்மாறை-வல்லங்கிக்கு வந்த ஆனைகளா?

நெறியாளர் | ஞாயிறு, காலை 7.00

ஆனைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகவும். அப்படியே அவரவர் சொந்தக் கதையில் கடை, பேங்க், ஆள் பெயர் எதுவும் போடாமல் எழுதுவதற்கு நன்றி. அப்படியே தொடருங்கள்.

வாளையார்_க்யூ | ஞாயிறு, காலை 8.20

நேற்று ராத்திரி படத்தைப் பார்த்தேன், பார்க்காமல் சண்டை போடுவது தப்பு என்று. இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது, எழுத்து ஓடுவதற்குள் கண் போதவில்லை.

ஆரம்பப் பாட்டு எனக்குப் பிடித்தது. யார் அந்தக் கரகரப்புக் குரல்?

படம் பற்றி ஒன்று. அந்த ஆளுக்கு நல்லது செய்ய ஆள் இருந்துகொண்டே இருக்கிறது. மகள், பழைய மனைவி, சாப்பாட்டுக் கடைக்காரர், அந்தப் பையன். எங்கள் முதலாளிக்கு யாரும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு வேலை தேடிப் போய்விட்டோம். ஷோரூம் அண்ணா நேற்று கேட்டதற்கு யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். ஒரு துளி இருந்தது. அந்த ஊதுபத்தியில் இருந்தது.

கடைசி_பெஞ்ச் | ஞாயிறு, காலை 8.45

ஜானி கேஷ். நீல் டயமண்ட் 1966இல் எழுதிப் பாடியது, கேஷ் 2000இல் திரும்பப் பாடினார், உடம்பு முடியாத காலத்தில். அந்தக் குரலில் கேட்டால் வேறு பாட்டு மாதிரி இருக்கும்.

ஷோரூம்_பழைய_ஆள் | ஞாயிறு, காலை 9.30

வேலந்தாவளம் தம்பி, உன் பெரியப்பா இப்போது எங்கே? எழுதவே இல்லையே.

வேலந்தாவளம்காரன் | ஞாயிறு, காலை 9.50

இருக்கிறார். 74 வயது. மீனாட்சிபுரத்தில் மகள் வீட்டில். மில் போனது போனதுதான், இடத்தில் இப்போது வேறு யாரோ கோழித்தீவனம் குடோன் வைத்திருக்கிறார்கள். இன்றைக்குப் பகல் எங்கள் வீட்டுக்கு வருகிறார், ஒரு விசேஷம். படத்தைப் போட்டுக் காட்டலாமா என்று ஒரு யோசனை.

சித்தூர்_மகள் | ஞாயிறு, காலை 9.58

வேண்டாம்.

நைட்_டூட்டி | ஞாயிறு, காலை 10.10

காட்டுங்கள். காட்டிவிட்டு அப்படியே எங்கள் பக்கம் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஈசிஜி எடுத்துவிடலாம் :)

வேலந்தாவளம்காரன் | ஞாயிறு, இரவு 9.40

காட்டினேன். அக்கா மன்னிக்கவேண்டும்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். பெண்கள் விஷயம் வந்த இடமெல்லாம் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். பெரியப்பாவிடம் வேறு எப்படிச் சொல்வது? டாக்டர் காட்சி வந்ததும், "எடுத்தானா?" என்றார். இல்லை பெரியப்பா என்றேன். "எடுக்கமாட்டான்" என்றார். அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. கார்களைப் பார்த்து ஒரு தடவை, "எல்லாம் பேங்க்காரனுதா?" என்று கேட்டார். ஷோரூம் அண்ணா எழுதியதை அப்படியே சொன்னேன், தலையாட்டினார்.

பென் வாடகைக்கு மகளிடம் கேட்கிற இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். சாப்பாட்டுக் கடையில் தட்டு எடுக்கிற இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தார். "அந்தக் கடைக்காரன் நல்லவன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாமல், "நம்ம கணக்குப்பிள்ளை வீடு இன்னும் வண்ணாமடையிலதானா?" என்று கேட்டார். அங்கேதான், மகன் வீடு கட்டியிருக்கிறான் என்றேன். "ஒரு நாள் கூட்டிட்டுப் போறியா?" என்றார். சரி என்றேன். அடுத்த ஞாயிறு.

கடைசி_பெஞ்ச் | ஞாயிறு, இரவு 9.52

அந்தப் பெஞ்ச் காட்சிக்கு என்ன சொன்னார்? அதுதானே முக்கியம். யார் பக்கம் போவான் என்றார்?

வேலந்தாவளம்காரன் | ஞாயிறு, இரவு 10.05

அதைப் பார்க்கவில்லை. ஆறேமுக்காலுக்கு மீனாட்சிபுரம் பஸ், அதை விட்டால் அடுத்தது எட்டரைக்குத்தான். ஸ்டாண்டில் ஏற்றிவிடும்போது, "கடைசியில என்ன ஆச்சுன்னு போன்ல சொல்லு" என்றார்.

இன்னும் கூப்பிடவில்லை. என்ன ஆச்சு என்று நான் என்ன சொல்ல?